எட்டு அம்பும் ஈர நெல்லும்

பசையைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். ஷார்ஜாவில் பதினோரு வருடம் அலுமினியக் கதவு, ஜன்னல் பொருத்தும் கம்பெனியில் வேலை. காலையில் சிலிக்கான் துப்பாக்கியைக் கையில் எடுத்தால் அந்தி சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குத்தான் கீழே வைப்பேன். கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் எது, கல்லுக்கும் இரும்புக்கும் எது, வெயில் படும் இடத்துக்கு எது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஊருக்குத் திரும்பிப் பாபநாசம் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை போட்டபோது ஒரு அலமாரி முழுக்கப் பசைதான் அடுக்கினேன். அந்த மண்டைக்கனம் என் மகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் எனக்கு எதுவுமே உறைக்காது. அங்கே போன ஐந்தாம் வருடம் என்னைப் பெற்ற அத்தா மௌத்தாகி அடக்கமும் முடிந்த செய்தி போனில் வந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். நான் பதினாலாவது மாடிக்கு ஏறிப்போய் மிச்சமிருந்த நாலு ஜன்னலுக்கும் பசை வைத்து முடித்தேன். அழ வேண்டும் என்று தோன்றவில்லை. அழக்கூடாது என்றும் தோன்றவில்லை. அப்புறம் அதுவே பழகிவிட்டது. ஒரேயடியாக ஊர் வந்து இறங்கிய அன்று மனைவி அழுதாள், தங்கச்சி அழுதாள், நான் பெட்டிகள் எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கிளம்பிப் போனபோது மகளுக்கு ஒரு வயது. திரும்பியபோது பன்னிரண்டு. இடையில் லீவில் வந்துபோன மாதங்களையெல்லாம் சேர்த்தால் ஒரு வருடம்கூடத் தேறாது. விருந்தாளியைக் கேட்பதுபோல "வாங்க அத்தா, உக்காருங்க" என்பாள். "சாப்டியாம்மா" என்பேன். "சாப்டேன் அத்தா" என்பாள். அதோடு எங்கள் பேச்சு தீர்ந்துபோகும். அவளும் முயற்சி செய்தாள், நானும் செய்தேன், ரெண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

அவளுக்கு வில் பிடித்துப்போனது பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சரால். தஞ்சாவூர் மைதானத்தில் வில்வித்தை சொல்லிக்கொடுக்க ஒரு கோச் வந்திருக்கிறார் என்று நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார். மற்றவர்கள் ரெண்டு வாரத்தில் நின்றுவிட்டார்கள். இவள் நிற்கவில்லை. பள்ளிவாசல் பக்கம் என் காதுபடவே பேசினார்கள், பொம்பளைப் புள்ளைக்கு வில் எதற்கு, அம்பு எதற்கு என்று. என் மனைவிதான் முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாள். "எம்புள்ள வில்லுதான் புடிக்குது, யார் வீட்டுச் சோத்துல மண்ணையா போடுது?" நாண் இழுக்கும்போது மாட்டிக்கொள்ளாமல் இருக்க முக்காட்டை எப்படி இறுக்கிச் செருகுவது என்று அம்மாவும் மகளும் கண்ணாடி முன்னால் நின்று பழகினார்கள். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பார்ப்பேன். எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

அவள் பிளஸ் டூ படிக்கும்போது மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வந்தது. அணியில் இடம் கிடைத்தால் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு கிடைக்கும். மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நுழைய முடியாது. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாள், அம்மா என்னிடம் சொன்னாள். "அந்த ஒரு சீட்டுதாங்க அவளுக்கு வேணும். பொறந்ததுலேர்ந்து வேற எதையும் அவ வாய்விட்டுக் கேட்டதில்ல."

அதுவரை மைதானத்தின் பழைய அலுமினிய அம்புகளை வைத்துத்தான் எய்துகொண்டிருந்தாள். சிங்கப்பூரில் இருந்த என் மச்சான், மனைவியின் தம்பி, பத்து கார்பன் அம்புகளை வாங்கி அனுப்பினான். சுண்டுவிரலைவிட ஒல்லியான கறுப்புக் குழல்கள். கையில் எடுத்தால் கனமே தெரியாது. கோச் அதை அவள் கை நீளத்துக்கு அறுத்துக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடப் பையோடு நேராகக் கடைக்கு வந்தாள். அவளாகக் கடைப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. பாலித்தீன் பையிலிருந்து குழல்களையும் விரல் நகம் நீளத்துக்குச் சின்னச் சின்ன அலுமினியத் துண்டுகளையும் கல்லா மேஜையில் கொட்டினாள்.

"அத்தா, இதெல்லாம் இன்சர்ட். அம்புக்குள்ள எறக்கி ஒட்டணும். இதுக்குள்ளதான் முனையத் திருகி ஏத்துறது. எங்க அத்தாவுக்குத் தெரியும், அவங்க ஒட்டிருவாங்கன்னு சார்ட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

எங்க அத்தாவுக்குத் தெரியும் என்று அவள் வெளியில் போய் ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு உள்ளே எங்கேயோ சின்னதாக ஒன்று அசைந்தது. அந்தப் பதினேழு வருடத்தில் அவளுக்குத் தெரிந்தமாதிரி என்னிடம் இருந்த ஒரே விஷயம் பசைதான்.

கோச் சொன்னதையும் ஒப்பித்தாள். சூட்டில் உருகும் குச்சிப் பசைதான் இதற்கு நல்லதாம், அவரிடம் தீர்ந்துபோய்விட்டதாம். இல்லையென்றால் ரெண்டு டியூப்பைக் கலக்கும் பசையைப் போட்டு முழுசாக ஒரு நாள் காயவிட வேண்டுமாம். உள்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டுமாம்.

"எனக்கே சொல்லித் தர்றாரா ஒங்க சார்?" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே ரெண்டு டியூப் பசையைக் கலந்து ஒட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வெள்ளி, சனி ரெண்டு நாள் முழுசாகக் காய்ந்து ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்குக் கல்லாகியிருக்கும். ஆனால் எனக்கு என் வித்தையைக் காட்ட வேண்டும். ஒரு நாள் காத்திருப்பதெல்லாம் தெரியாதவன் செய்கிற வேலை என்று நினைத்தேன்.

முதலில் அவசரப் பசையை எடுத்தேன். ஒரு சொட்டு விட்டால் விரலையே சேர்த்து ஒட்டிவிடும் அந்தச் சின்ன டியூப். ஒரு குழலில் மட்டும் போட்டுப் பார்த்தேன், ஒரு நொடியில் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் வைக்கோல் கட்டை நிறுத்தி அவளை எய்யச் சொன்னேன். எய்தாள். அம்பைப் பிடுங்கினால் குழல் மட்டும் வந்தது, முனையும் இன்சர்ட்டும் வைக்கோலுக்குள்ளேயே தங்கிவிட்டன. அந்தப் பசை இழுத்தால் தாங்கும், அடி விழுந்தால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். கதவில் அம்பு போல யாரும் போய்க் குத்துவதில்லையே, எனக்கு அது தெரியாமல் போனது. குழலின் உள்ளே பசை இறுகிக்கொண்டு வேறு இன்சர்ட்டை இறக்கவும் முடியவில்லை. ஒன்று போச்சு.

ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்போது பத்தர் கடையைப் பார்த்ததும் அடுத்த யோசனை. நகை வேலைக்கு அவர் அரக்கை உருக்கித்தானே பிடிமானம் வைக்கிறார், உருகும் குச்சிப் பசை என்று கோச் சொன்னதும் கிட்டத்தட்ட அதே ஜாதிதானே என்று ஒரு துண்டு வாங்கி வந்தேன். இன்சர்ட்டைத் தனியாகச் சூடாக்கி இறக்கியிருக்க வேண்டும். நான் குழலோடு சேர்த்து விளக்கில் காட்டினேன். கார்பன் புகைந்து, நுனி நார்நாராகப் பிரிந்துவிட்டது. ரெண்டாவதும் போச்சு. மகள் பக்கத்தில்தான் இருந்தாள். "எட்டு போதும் அத்தா. ஒரு ரவுண்டுக்கு ஆறுதான்" என்றாள்.

ஆக, சனிக்கிழமை மத்தியானம்தான் ரெண்டு டியூப் பசைக்கு வந்து சேர்ந்தேன். இந்தத் தடவை எல்லாம் முறைப்படிதான். உப்புத்தாள் போட்டேன், ஸ்பிரிட்டில் துடைத்தேன், சரிபாதி எடுத்துக் கலக்கி, இன்சர்ட்டைச் சுற்றிச் சுற்றி இறக்கினேன். எட்டும் முடிந்தபோது மணி ரெண்டு. விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் கிளம்ப வேண்டும். ஒரு நாளுக்கு ஒன்பது மணி நேரம் குறைகிறது. வெளியே ஐப்பசி மழை. சுவரெல்லாம் ஓதம். விரலால் தொட்டுப் பார்த்தேன், பசை அப்படியே நூல் இழுத்தது.

அப்போதுதான் பின்கட்டில் கிடந்த நெல் ஞாபகத்துக்கு வந்தது. எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, குத்தகைக்கு விட்டிருந்தோம். குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டதால் ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை. குத்தகைக்காரர் எங்கள் பங்கைக் கொண்டுவந்து பின்கட்டில் குவித்துவிட்டுப் போயிருந்தார். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறும். கையை விட்டால் வெந்நீரில் விட்டமாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் மாங்காய் பழுக்க வேண்டுமென்றாலும் நெல்லுக்குள் வைப்போம், வாழைத்தார் பழுக்க வேண்டுமென்றாலும் நெல்லுக்குள் வைப்போம். நனைந்துபோன கைக்கடிகாரத்தைக்கூட அரிசிப் பானைக்குள் போட்டு எடுப்போம். பசைக்குச் சூடு கிடைத்தால் சீக்கிரம் இறுகும் என்பது ஷார்ஜாவில் படித்த பாடம். ரெண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டேன். எட்டு அம்பையும் தலைகீழாகக் குவியலுக்குள் சொருகினேன்.

மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏங்க, ஈர நெல்லுங்க அது. கை வச்சுப் பாருங்க, எப்புடி வேர்த்துக் கெடக்குன்னு."

"சூடா இருக்குல்ல? எனக்குச் சூடுதான் வேணும்."

"அது என்ன மாங்காயா?"

"மாங்காயே பழுக்குது, பசை காயாதா? நீ போய் வேலையப் பாரு."

போய்விட்டாள். போகும்போது, "பதினோரு வருசமா பசை தடவுனவங்ககிட்ட நான் பேச முடியுமா" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

விடியற்காலையில் அம்புகளை உருவினேன். விளிம்பில் பிதுங்கியிருந்த பசை கெட்டியாகத்தான் இருந்தது. ஒட்டியிருந்த பதரையும் தூசியையும் துணியால் துடைத்தேன். முதல் அம்பை எடுத்து, இன்சர்ட்டைக் குறட்டால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. ரெண்டாவதையும் இழுத்தேன். அதுவும் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மிச்சம் ஆறையும் அப்படியே பெட்டிக்குள் வைத்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே மகள் வந்தாள்.

"எல்லாத்தையும் இழுத்துப் பாத்துட்டீங்களா அத்தா?"

"பாத்துட்டேம்மா. எட்டும் பாத்துட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பயமில்லை. அவளை ஏமாற்ற வேண்டும் என்றும் இல்லை. "சாப்டியா", "சாப்டேன்" என்று சொல்வதுபோல வாயில் வந்தது.

மைதானத்தில் மழை விட்டு வெளிச்சமாக இருந்தது. தடித்த வைக்கோல் பலகைகளில் வட்டத் தாள்களை ஒட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நான் நின்றேன். தூரத்தில் மற்றப் பிள்ளைகளோடு அவள் உட்கார்ந்து அம்புகளுக்கு முனையைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒரு அம்பில் கை நின்றது. தலையைத் தூக்கி என்னைத் தேடிப் பார்த்தாள். தாகமாக இருக்கும் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

முதல் ரவுண்டில் ஆறு அம்பும் தாளுக்குள் விழுந்தன. நாலு அம்பு நடு மஞ்சளில். கோச் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். புள்ளிகளை எழுதி முடித்த பிறகு அம்பைப் பிடுங்கலாம் என்பது முறை. எழுதி முடித்தார்கள். அவள் ஒரு கையைப் பலகையில் ஊன்றிப் பிடுங்கினாள். முதல் அம்பு முழுசாக வந்தது. ரெண்டாவது வெறும் குழலாக வந்தது. நுனியில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் பார்த்தாள். மூன்றாவதும் குழல். ஆறில் மூன்று போய்விட்டன.

அடுத்த ரவுண்டுக்கு ஆறு அம்பு வேண்டும், கையில் ஐந்து. வேறொரு பெண்ணின் அம்பைக் கடனாக வாங்கி ஓடினார் கோச். ஒரே மாதிரி அம்புகளைத்தான் எய்ய வேண்டும், ஆரம்பித்த பிறகு மொத்தமாக வேறு அம்புக்கு மாறவும் கூடாது என்று நடுவர் சொல்லிவிட்டார். நான் பலகைக்குப் பின்னால் போய் வைக்கோலைக் கிளறி மூன்று முனைகளையும் தோண்டி எடுத்தேன். எடுத்து என்ன செய்வது? கடையில் ஒரு அலமாரி முழுக்கப் பசை அடுக்கியவன் சட்டைப் பையில் ஒரு டியூப் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் ஒரு கடையும் திறக்கவில்லை. ஐந்து அம்பு எய்தாள். அதைப் பிடுங்கியபோது இன்னும் ரெண்டு போச்சு. மூன்றாவது ரவுண்டில் மூன்று அம்பு எய்தாள். எய்யாத அம்புக்கெல்லாம் சைபர். நடுவில் விட்டுவிட்டு வந்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவள் வரவில்லை. கையில் இருந்ததை வைத்துக் கடைசி ரவுண்டு வரைக்கும் நின்று எய்தாள். ஆறாவது அம்புக்கான நேரத்தில் வெறுங்கையோடு கோட்டிலேயே நின்றாள்.

முடிந்த பிறகு கோச் ஒரு குழலின் நுனியை பிளேடால் கீறிப் பிளந்தார். உள்ளே பசை வெள்ளையாகப் பூத்து, கொழகொழவென்று கிடந்தது. விளிம்பில் மட்டும்தான் இறுகியிருந்தது.

"ஈரத்துல வச்சு காயவச்சிருக்கீங்க. யாரு ஒட்டுனது?"

நான் அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"நான்தான் சார்" என்றாள். "சீக்கிரம் காயட்டும்னு நெல்லுக்குள்ள வச்சேன்."

"ஒங்க அத்தாட்ட குடுக்கப்போறதா சொன்ன?"

"அத்தாவுக்குக் கடையில வேலையா இருந்துச்சு சார். நானே ஒட்டிட்டேன்."

கோச் அவளைத் திட்டினார். நல்ல மனிதர்தான், வயிற்றெரிச்சலில் திட்டினார். இத்தனை நாள் உழைப்பை ஒரு நாள் பொறுக்க முடியாமல் கெடுத்துக்கொண்டாயே என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். வேறு யாருக்கோ நடப்பதைப் பார்ப்பதுபோலத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு அதுவும் தோன்றவில்லை.

வீட்டில் அம்மா கேட்டதற்கு, "இந்தத் தடவ இல்லம்மா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது, பிளஸ் டூ அந்த வருடத்தோடு முடிந்துவிட்டது. பிறகு கும்பகோணத்தில் பி.காம். படித்தாள். பிறகு நிக்காஹ். மாப்பிள்ளைக்குக் கோலாலம்பூரில் வேலை. நான் திரும்பி வந்தேன், அவள் போய்விட்டாள். விமான நிலையத்தில் மனைவி அழுதாள். நான் பெட்டிகளை எடைபோடும் இடத்தில் வரிசையில் நின்றேன்.

போன மாதம் வீடியோவில் கூப்பிட்டாள். நான் கடையில் இருந்தேன். சமையலறையில் குக்கர் மூடியின் கைப்பிடி கழன்றுவிட்டது, எந்தப் பசை போடலாம் என்று கேட்டாள். எனக்குப் பேச்சு வந்துவிட்டது. ரெண்டு டியூப் பசை வாங்கு, ஒட்டும் இடத்தை உப்புத்தாளில் தேய், ஸ்பிரிட்டில் துடை, ஈரம் பட விடாதே, முழுசாக ஒரு நாள் விடு, அப்புறம் இழுத்துப் பார் என்று அடுக்கிக்கொண்டே போனேன். இழுத்துப் பார் என்றதும் நான் நின்றேன்.

"அன்னக்கி ஒண்ணு சுத்துச்சு அத்தா" என்றாள்.

"எது?"

"அம்பு. மொனையத் திருகும்போது இன்சர்ட்டும் சேந்து சுத்துச்சு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. ஒங்களப் பாத்தேன், நீங்க தண்ணி பாட்டிலக் காட்டுனீங்க."

"ஏம்மா சொல்லல? அப்பவே சார்ட்ட சொல்லியிருந்தா பழைய அம்பையாவது குடுத்திருப்பாருல்ல?"

"எட்டும் பாத்துட்டேன்னு சொன்னீங்களே. என் கைதான் நழுவுதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

கடையில் யாரோ ஆணி கேட்டார்கள். இருங்க என்று கை காட்டினேன்.

"ரெண்டுதாம்மா இழுத்துப் பாத்தேன்" என்றேன். இதைச் சொல்ல எனக்குப் பதினாலு வருடம் ஆகியிருக்கிறது.

"தெரியும் அத்தா. மூணாவது குழல் வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

நெஞ்சில் வலித்தது. நிஜமாகவே வலித்தது. அத்தா மௌத்துக்கு வராத வலி, விமான நிலையத்தில் வராத வலி எல்லாம் சேர்ந்து வந்ததோ என்னவோ, கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்று சொல்லத் தெரியவில்லை. அவளும் அதற்குக் காத்திருந்தமாதிரி தெரியவில்லை. கழன்ற கைப்பிடியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் விடணும்னு சொன்னீங்க அத்தா?"

"முழுசா ஒரு நாள்."

"சரி" என்றாள். நிச்சயமா என்று அவள் கேட்கவில்லை.